முன்னூறு கோழிக்காரர்

கோழியைக் கையில் கொடுத்த பிறகுதான் சக்கரபாணிக்குச் சந்தேகம் வந்தது.

அதுவரை வரவில்லை. அதற்காக அவர் மேல் தப்பு சொல்லிவிட முடியாது. ஒலக்கூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பகுதி நேர நூலகர் அவர். விழுப்புரத்தில் நூலகர்களுக்கு ஒரு நாள் பயிற்சி, ரயிலடிப் பக்கம் கல்யாண மண்டபம், கீழ் ஹால் என்று ஆர்டர் வந்திருந்தது. திண்டிவனத்தில் ஏறின பஸ் கூட்டேரிப்பட்டில் பஞ்சர். மல்லாட்டை மூட்டை ஏற்றின ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக மண்டபத்துக்குள் நுழைந்தபோது வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. கடைசி பெஞ்சில் ஓசைப்படாமல் உட்கார்ந்தார். பெயரும் ஊரும் எழுதச் சொல்லி ஒரு தாள் சுற்றி வந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டார். நோட்டைப் பிரித்தார்.

"காத்தோட்டம் ரொம்ப முக்கியம்" என்று மேடையில் ஒருவர் முழங்கிக்கொண்டிருந்தார். "ஈரம் ஆகவே ஆகாது. எலி, பெருச்சாளி உள்ள வரக் கூடாது. இடம் இல்லன்னு ஒண்ணு மேல ஒண்ணா நெருக்கி அடைக்கக் கூடாது."

நூலகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார் சக்கரபாணி. மூலையில் கூண்டு கூண்டாகக் கோழிகள் இருந்ததைப் பார்க்கத்தான் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போலிருக்கிறது, பரவாயில்லையே, நம் டிபார்ட்மெண்டுக்கும் நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"லேட்டா வந்தவரே, இங்க வாங்க."

போனார். மேடைக்காரர் ஒரு வெள்ளை லெக்கான் கோழியை அவர் கையில் திணித்தார்.

"இது முட்டை போடற கோழியா, நிறுத்திட்ட கோழியா? பாத்துச் சொல்லுங்க."

சக்கரபாணி கோழியைப் பார்த்தார். கோழி சக்கரபாணியைப் பார்த்தது. இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தார்கள்.

"போடும்னு நினைக்கிறேங்க."

"நினைச்சா ஆச்சா? இப்படிக் கவுத்துப் புடிங்க. இறகை விலக்கி ஊதுங்க. பேன் இருந்தா ஓடும். அப்புறம் அடியில விரல் வெச்சுப் பாருங்க." அவர் 'உப்' என்று ஊதிக் காட்டினார். ஒரு இறகு பறந்து வந்து சக்கரபாணியின் மீசையில் ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் விஷயம் முழுசாக உறைத்தது. மேடையில் நிற்பவர் கால்நடை டாக்டர் சீனுவாசன். நடப்பது கோழி வளர்ப்புப் பயிற்சி.

கண் வாசலைத் தேடியது. காரணம் இருந்தது. சக்கரபாணி வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தற்காலிகம்தான். நூலகர் பயிற்சியில் சர்டிபிகேட் வாங்கியவர்களைத்தான் நிரந்தரம் செய்வார்கள், அந்த நூலகங்களுக்குத்தான் இந்த வருஷம் புதுப் புத்தகம் வரும் என்று ஆர்டரிலேயே அடித்துச் சொல்லியிருந்தது. கிளம்பும்போது மனைவி அம்சா வாசல் வரை வந்து மிரட்டி அனுப்பினாள்: "சர்டிபிகேட்டோடதான் வரணும், ஆமா. மயிலத்து முருகனுக்கு உன் தலைமுடிய வேண்டிக்கினு இருக்கேன்."

உண்மையைச் சொல்லிவிட்டு ஓடிவிடலாம் என்று வாயைத் திறந்தார். "சார், நான் வந்து..."

டாக்டர் அதற்குள் ஹாலைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

"ஒண்ணு சொல்லிடறேன். போன கேம்ப்ல பாதிப் பேரு சாப்பாட்டுக்குன்னே வந்து உக்காந்திருந்தான். கோழி மூஞ்சியே பாக்காதவன்லாம் நோட்டும் பேனாவுமா வந்துட்டான். இந்தத் தடவை எவனாவது மாட்டினான், விடமாட்டேன். எந்த வேலையில இருந்தாலும் சரி, அவன் பேரை எழுதி அவன் ஆபீசுக்கே அனுப்பிடுவேன். இப்ப ஒவ்வொருத்தரா சொல்லுங்க. யார் யார்கிட்ட எத்தனை கோழி இருக்கு?"

முதல் பெஞ்சில் இருந்த முகையூர்க்காரர் பெரியதம்பி எழுந்து, எச்சிலை விழுங்கிக்கொண்டு, "இருநூறுங்க" என்றார். அடுத்து ஒல்லியாக ஒருவர், சவுரிராயன் என்று பெயர், "நூத்தம்பது" என்றார். அப்படியே வரிசையாக வந்தது. கோழிக்கு ஒருவரும் பஞ்சம் வைக்கவில்லை. அம்மாடி, எல்லாரும் எவ்வளவு பெரிய பண்ணைக்காரர்கள் என்று சக்கரபாணி நடுங்கினார்.

"நீங்க?"

கோழி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அது வேறு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"முன்னூறு" என்று வாயில் வந்துவிட்டது.

"முன்னூறா! ஒலக்கூர் பக்கம் அவ்ளோ பெரிய பண்ணையா? எனக்குத் தெரியாம? முன் பெஞ்சுக்கு வாங்க சார் நீங்க!"

இப்படியாகத் தப்பித்து ஓட வசதியாக இருந்த கடைசி பெஞ்சும் போயிற்று.

"சொல்லுங்க, முன்னூறு கோழியை வெச்சுக்கினு இருக்கீங்களே, எது பெரிய தொல்லை?"

யோசிக்காமல் பழக்கத்தில் சொல்லிவிட்டார் சக்கரபாணி. "கரையான்தாங்க."

"கரையானா?" டாக்டரின் புருவம் நெற்றிக்கு ஏறியது. "கரையான் கிடைச்சா கோழி ஆசையாத் தின்னுமே. அது எப்படித் தொல்லை?"

செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் பெரியதம்பியின் குரல் கேட்டது. "எங்க பக்கமும் கரையான்தாங்க பெரிய பேஜாரு."

"எங்க ஊர்ல பாதி அதால போச்சு" என்றார் சவுரிராயன்.

டாக்டர் குழம்பிப்போய், "தென்னாற்காட்டுக் கரையான் வேற ஜாதியா இருக்கும் போலிருக்கே" என்று முணுமுணுத்துக்கொண்டு எதையோ குறித்துக்கொண்டார். முன்பின் தெரியாத தன்னை இப்படிக் காப்பாற்றுகிறார்களே என்று சக்கரபாணிக்குக் கண் கலங்கியது. என்ன இருந்தாலும் கோழிக்காரர்கள் நல்லவர்கள்.

சாப்பாட்டு நேரத்தில் இலையில் உட்காராமல் நழுவினார். மாடிப்படியில் மண்டபத்தைப் பெருக்கும் இருதயமேரி டீ வாளியோடு இறங்கி வந்தாள்.

"ஏம்மா, லைப்ரரி டிரெய்னிங் எங்க நடக்குது?"

"மேல. காலையில கீழதான் போட்டிருந்தாங்க. கோழிக் கூண்ட மாடிக்கு ஏத்த முடியாதுன்னு டாக்டரு கீழ வந்துட்டாரு, லைப்ரரி அம்மா மேல போய்ட்டாங்க."

அதுதான் சங்கதி! நேரத்தோடு வந்தவர்களுக்கெல்லாம் இடம் மாறியதைச் சொல்லியிருப்பார்கள். தாமதமாக வந்த தலையெழுத்து, நாம் மட்டும் கோழியோடு மாட்டிக்கொண்டோம். பஞ்சரான அந்த டயரை மனதாரத் திட்டிக்கொண்டே மாடிக்கு ஓடினார்.

கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நூலகத் துறை அதிகாரி காந்திமதி அம்மாள் கரும்பலகையில் புத்தக எண்களை எழுதிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்திலும் வகுப்பை விடவில்லை. தோளில் துண்டு போட்ட ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து, பசையைத் தடவிப் புத்தக முதுகில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. மூலையில் ஒரு பெரியவர் தடித்த அகராதி ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்து, தாளை விலக்கி 'உப்' என்று ஊதிப் பார்த்தார். தூசி தட்டுவதில் கூட என்ன ஒரு பக்தி! சக்கரபாணிக்குப் பொறாமையாக இருந்தது. இவர்களோடு உட்கார வேண்டியவன் அல்லவா நான்?

கதவை லேசாகத் தள்ளினார்.

"யாரது?" என்றார் காந்திமதி அம்மாள், திரும்பாமலே. "காலையிலயே சொன்னேன். நடுவுல வர்றவங்களுக்கு இங்க இடம் கிடையாது."

"அம்மா, நான்..."

"முன்னூறு கோழி சார்!" படிக்கட்டில் டாக்டர் சீனுவாசன் மூச்சிரைக்க நின்றார். "உங்கள எங்கெல்லாம் தேடறது? மத்தியானம் நீங்கதான் பேசணும். முன்னூறை எப்படிக் கட்டி மேய்க்கிறீங்கன்னு எல்லாருக்கும் சொல்லுங்க. ஜல்தி வாங்க!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். சோற்றையும் தின்னவில்லை, மாடியிலும் சேர்க்கவில்லை.

மைக் முன்னால் நின்றார் சக்கரபாணி. கோழியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் குழம்புதான். என்ன பேசுவது? தெரிந்த ஒன்றைத்தான் பேச முடியும். அவருக்குத் தெரிந்தது அவருடைய நூலகம்.

"எது எந்த மூலையில இருக்குன்னு நமக்குத் தெரியணும்" என்று ஆரம்பித்தார். "கரண்ட் போனாக்கூட கை நேரா அங்க போவணும். கேக்கறவங்க கேக்கறதையே குடுத்துக்கினு இருந்தா, மத்ததெல்லாம் மூலையிலேயே கிடந்து சாவும். அதனால யாரும் சீண்டாதத எடுத்து முன்னால வெக்கணும். நோவு வந்ததத் தூக்கி எறியக் கூடாது. மடியில வெச்சு நாமதான் சரி பண்ணணும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சக்கரபாணிக்குத் தைரியம் வந்தது.

"போன ஐப்பசி மழையில கூரை ஒழுகிச்சு. அதுங்க நனையுதேன்னு மனசு கேக்கல. வேட்டிய அவுத்து மேல மூடிட்டு, நான் அண்டர்வேரோட ராவெல்லாம் காவல் இருந்தேன். காலையில ஊரே சிரிச்சுது. என் பொண்டாட்டி கூட, இதுங்களையே கட்டிக்கினு இருந்திருக்கலாமேன்னு கேட்டா. சம்பளமும் ஒண்ணும் பெரிசா இல்ல. ஆனாலும் வுட்டுட்டு வர முடியலங்க."

பெரியதம்பி துண்டால் கண்ணைத் துடைத்தார். சவுரிராயன் மூக்கைச் சிந்தினார். பின்னால் யாரோ விம்மியே விட்டார்கள். டாக்டர் சீனுவாசன் மேடையில் ஏறி அவரைக் கட்டிக்கொண்டார்.

"என் சர்வீஸ்ல கோழி மேல இவ்ளோ பாசம் வெச்ச மனுஷனைப் பாத்ததில்ல! முதல் சர்டிபிகேட் இவருக்குத்தான். நூறு குஞ்சு இனாம். அதோட, வர்ற திங்கக்கிழமை பேங்க் மேனேஜரையும் போட்டோக்காரரையும் கூட்டிக்கினு இவர் பண்ணைக்கே வர்றேன்!"

கைதட்டல் எழுந்தது. சக்கரபாணிக்கு மட்டும் காது அடைத்துப் போயிற்று. திங்கட்கிழமை வந்து பார்த்தால் என்ன இருக்கும்? ஒரு ஒழுகல் கூரை, நாலு பீரோ, தினசரியைப் பிரித்து முகத்தில் போட்டுத் தூங்கும் இரண்டு பேர். அப்புறம் வேலை நிரந்தரமாவது எங்கே, இருக்கிறதும் போகும். அதைவிடப் பெரிய வேதனை, தன்னைக் காப்பாற்றின இந்த நல்ல மனிதர்களைக் காலையிலிருந்து ஏமாற்றிக்கொண்டிருப்பது.

டாக்டர் சர்டிபிகேட்டை நீட்டினார். சக்கரபாணி வாங்கவில்லை. இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"மன்னிச்சிடுங்க டாக்டர். நான் கோழிக்காரனே இல்ல. என்கிட்ட ஒரு கோழி கூடக் கிடையாது. நான் லைப்ரரியன். தெரியாம இங்க வந்து உக்காந்துட்டேன். நீங்க பேரை எழுதி அனுப்புவேன்னு சொன்னதும் பயத்துல சொல்லிட்டேங்க. இன்னைக்குச் சர்டிபிகேட் வாங்கலைன்னா எனக்கு வேலை நிரந்தரம் ஆகாது. மேல சேர்த்துக்கமாட்டேங்கறாங்க. இப்ப இதுவும் போச்சு."

டாக்டரின் முகம் சிவந்தது, பிறகு கறுத்தது. ஹாலைப் பார்த்துத் திரும்பினார்.

"பாத்தீங்களாய்யா? உங்களையெல்லாம் அழ வெச்சுட்டு இவரு சொல்றதப் பாத்தீங்களா? இவர இன்னா பண்ணலாம், நீங்களே சொல்லுங்க!"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். முன் பெஞ்சில் பெரியதம்பி மெதுவாக எழுந்தார்.

"டாக்டர், அவர ஒண்ணும் பண்ணாதீங்க. நானும் லைப்ரரிதான்."

"அப்ப அந்த இருநூறு கோழி?"

"ஒண்ணுகூட இல்லீங்க. ஆர்டர்ல கீழ் ஹால்னு போட்டிருந்தது. வந்து உக்காந்தேன். நீங்க மிரட்டினீங்க. வாயில வந்ததச் சொல்லிட்டேன்."

"நானும்தாங்க" என்று சவுரிராயன் எழுந்தார். "கரையானப் பத்தி இவரு பேசினப்பவே எனக்கு அழுகையா வந்துச்சு."

அவருக்குப் பின்னால் ஒருவர். அவருக்கும் பின்னால் இருவர். பெஞ்சு பெஞ்சாக எழுந்து, கடைசியில் ஹால் மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. கோழிகள் மட்டும்தான் உட்கார்ந்திருந்தன.

டாக்டர் சீனுவாசன் பொத்தென்று கூண்டின் மேல் உட்கார்ந்தார்.

"அப்ப என் கோழிக்காரங்கல்லாம் எங்கய்யா?"

காலி டீ வாளியோடு மாடியிலிருந்து இறங்கி வந்த இருதயமேரி கடைசிப் படியிலேயே நின்றாள்.

"அவங்க உங்க ஆளுங்கதானா சார்? மேல அந்தம்மா சர்டிபிகேட்ட நீட்டிக்கினு நிக்கிறாங்க, ஒருத்தரும் வாங்க மாட்டேங்கறாங்க. காலையிலேர்ந்து சோறுகூடத் துன்னாம புஸ்தகத்துக்கெல்லாம் சீட்டு ஒட்டிக் குடுத்தோமே, கோழிக்குஞ்சு எப்பக் குடுப்பீங்கன்னு கேட்டுக்கினு நிக்கிறாங்க."