ஒப்படைப்பு வல்லுநர்

விவசாயத்தில் வயதானவர்களே மிஞ்சிவிட்டார்கள் என்று வேளாண்மைத் துறைக்குத் திடீரென்று கவலை வந்தது. துறைக்குக் கவலை வந்தால் அது சுற்றறிக்கையாகத்தான் வெளியே வரும். நாற்பது வயது நிறையாதவர்களுக்குப் பண்ணை வணிக மேலாண்மையிலும், குடும்பப் பண்ணையின் பொறுப்பைப் பெற்றுக்கொள்வதிலும் இருபது நாள் பயிற்சி அளிக்குமாறு ஆணை பிறந்தது.

முதல் ஆளாகப் பேர் கொடுத்தவளுக்கு வயது முப்பத்தொன்பது. நாலு ஏக்கர் தக்காளி. நாற்று விடுவது, பறிக்க ஆள் பிடிப்பது, வியாபாரியோடு மல்லுக்கட்டுவது எல்லாம் அவள்தான். மோட்டார் ரூம் சாவி மட்டும் எழுபத்திரண்டு வயது அப்பாவின் சட்டைப் பையில். அவர் மனது வைத்தால்தான் செடிக்குத் தண்ணீர். அந்தச் சாவிக்காகத்தான் அவள் இருபது நாளும் முடிவெடுக்கும் திறன் பற்றிக் கொட்டாவி விடாமல் கேட்டாள்.

கடைசி நாள் சான்றிதழ் கேட்டபோது பயிற்சி அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார்.

"பொறுப்பை ஒப்படைச்சாச்சுன்னு உங்க அப்பா கையெழுத்துப் போடணும்மா. அப்புறம்தான் சர்ட்டிஃபிகேட்."

"சர்ட்டிஃபிகேட்டைக் கொண்டா, ஒப்படைக்கிறேன்னு அவர் சொல்றாரு சார்."

"அடேயப்பா, எவ்வளவு பொறுப்பானவர்!" என்று அதிகாரி உருகிப்போனார். அவரே ஓய்வு வயதைத் தாண்டி மூன்றாவது பணி நீட்டிப்பில் இருப்பவர். உதவியாளர் பதினோரு வருடமாகப் பக்கத்து மேஜையில் வேலை கற்றுக்கொண்டிருந்தார்.

ஆழ்ந்து யோசித்து அதிகாரி ஒரு முடிவுக்கு வந்தார். வாங்குகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தாயிற்று, கொடுக்கிறவர்களுக்குக் கொடுக்கவில்லை. உடனே நாற்பது வயது நிறைந்தவர்களுக்கு 'பொறுப்பு ஒப்படைப்புப் பயிற்சி' தொடங்கப்பட்டது. அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப்போனவள் அவளேதான்.

முதல் நாளே அப்பாவைப் பேசச் சொன்னார்கள். அவர் மேடையேறி, சாவியை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"இது வெறும் சாவி இல்லைங்க, என் உசுரு. இதை என் பொண்ணு கையில குடுக்கறேன்."

அரங்கமே கண்ணைத் துடைத்தது. மகளும் அழுதுகொண்டே கையை நீட்டினாள். படம் எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் அப்பா சாவியை வாங்கிப் பழையபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இப்படிப்பட்டவரைத் துறை விடுமா? 'மூத்த ஒப்படைப்பு வல்லுநர்' என்று பட்டம் கொடுத்து ஊர் ஊராக அனுப்பியது. போகிற ஊரிலெல்லாம் ஓர் இளைஞனை மேடைக்கு அழைப்பார், சாவியைக் கொடுப்பார், கைதட்டல் அடங்கியதும் திருப்பி வாங்கிக்கொள்வார். சாவி அவரோடு நன்றாக ஊர் சுற்றியது. இங்கே தோட்டம் ஆறு நாளாகக் காய்ந்தது.

மகள் போன் போட்டாள். "அப்பா, பூவெல்லாம் கொட்டுது. பூட்டை உடைச்சிடட்டுமா?"

"மேடையில இருக்கேன்மா, ஒப்படைச்சுக்கிட்டு இருக்கேன். உங்களுக்கெல்லாம் பொறுமையே இல்ல. அப்புறம் எப்படி நம்பிக் குடுக்கறது?"

போனுக்குள் கைதட்டல் கேட்டது. அவள் நேராக அதிகாரியிடம் ஓடினாள்.

"பூட்டை உடைக்கக் கூடாதும்மா. உங்க தோட்டத்தை இப்ப துறையோட மாதிரிப் பண்ணையா அறிவிச்சாச்சு. பூட்டு துறையோட காட்சிப்பொருள்."

"செடி செத்துப்போகுது சார்!"

"செடி காட்சிப்பொருள் பட்டியல்ல இல்ல."

"என் சர்ட்டிஃபிகேட்டையாவது குடுங்க."

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "அடடா, போன வெள்ளிக்கிழமையோட உங்களுக்கு நாற்பது நிறைஞ்சுபோச்சே. இனிமே நீங்க ஒப்படைப்புப் பயிற்சியிலதான் சேரணும்."

"என் கைக்கே இன்னும் எதுவும் வரலியே சார். நான் எதை ஒப்படைக்கறது?"

"அதெல்லாம் பயிற்சியில சொல்லித் தருவாங்க."

பக்கத்து மேஜை உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்தவள் சுத்தியலை எடுத்தாள். மூன்றே அடி, பூட்டு தெறித்தது. எழுதுகிற எனக்கே இந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டத் தோன்றுகிறது. பாதித் தோட்டம் பிழைத்தது. மறுநாள் கடைக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கி மாட்டினாள். அதற்கு இரண்டு சாவி.

அவளுடைய பதினேழு வயது மகள் ஆறு நாளும் தாயோடு குடத்தில் தண்ணீர் சுமந்தவள். பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, ஒரு சாவியை எங்கிட்ட குடேன். காலைல நான் தண்ணி விடறேன்."

அம்மா இரண்டு சாவியையும் பர்ஸில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"உனக்குக் குடுக்காம வேற யாருக்குடி குடுக்கப்போறேன்? முதல்ல எல்லாத்தையும் கத்துக்க."

மகள் மோட்டார் ரூம் வாசலில் கிடந்த சுத்தியலை எடுத்துப்போய்த் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.