குட்டி என்றால் எந்தக் குட்டி?

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் மிகுந்த நடுக்கத்துடன் எழுதிக்கொள்வது. இந்த வரியை எழுதும் நிமிடம்வரை நான் உயிரோடு இருக்கிறேன். உங்கள் அத்தை வழக்கம்போல எதற்கும் அஞ்சாமல் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நீங்களும் என் மகளும் பேத்தியும் சௌக்கியம் என்றே நம்புகிறேன். கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்க வேண்டும். சாப்பாட்டு மேசையின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். காரணம் மேசைக்குக் கீழே படுத்திருக்கிறது.

வீட்டுக்கு எழுதாமல் உங்கள் அலுவலகத்துக்கு எழுதுவதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போனில் பேசினால் என் மகள் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். பிறகு நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, கடைசியில் நான் “சரிம்மா” என்று சொல்லி வைப்பேன். அப்படி ஒரு “சரிம்மா”வில் வந்த வினைதான் இது. அவள் விலங்குக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து உங்கள் வீட்டு நிலவரமும் எனக்குத் தெரியாமல் இல்லை. குளியலறையில் பூனை பிரசவித்திருப்பதால் நீங்கள் அலுவலகத்தில் குளிப்பதாகக் கேள்வி. எனவே உங்களைவிட என் நிலையைப் புரிந்துகொள்ளக்கூடியவர் வேறு யாருமில்லை.

நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியும். காப்பீட்டுக் கம்பெனியில் காலத்தைத் தள்ளியவன். இழப்பீடு கேட்டு வருகிற மனுக்களைப் படிப்பதே வேலை. குக்கர் மூடி பறந்தது, ஏணி சறுக்கியது, நின்றிருந்தவர்மேல் பூந்தொட்டி விழுந்தது என்று, மனிதனுக்கு எந்தெந்த வழியில் ஆபத்து வரும் என்பது எனக்கு மனப்பாடம். நாய்க்கடிக்கென்று தனி அலமாரியே உண்டு. அந்த அலமாரியைத் திறக்கும்போதுகூட நான் ஓர் அடி தள்ளித்தான் நிற்பேன். அப்பேர்ப்பட்டவனிடம் போன மாதம் என் மகள் போன் செய்து, “அப்பா, குட்டியக் கொஞ்ச நாள் வெச்சுக்கிறீங்களா? இங்க இடமே இல்ல” என்றாள்.

நம் வீட்டில் குட்டி என்றால் ஒரே குட்டிதான். என் பேத்தி, உங்கள் மகள். உங்கள் வீட்டில் மிருகங்கள் பெருகிப் பிள்ளைக்குப் படுக்க இடமில்லாமல் போய்விட்டதே என்று பதறினேன். “இதென்னம்மா கேள்வி? உடனே அனுப்பு” என்றேன். “முடி கொட்டும்ப்பா, பரவால்லையா?” என்றாள். அப்போதுதான் காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை, கொட்டத்தானே செய்யும் என்று, “எனக்கும்தான் கொட்டுது” என்றேன். “பயந்தா நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிடுவா.” “நீயும்தான் போன. அதெல்லாம் ஒரு குத்தமா?” “செருப்ப மட்டும் மேல எடுத்து வெச்சிருங்க. ஊசியெல்லாம் போட்டாச்சு. கடிக்க மாட்டா.” “கடிச்சா கடிச்சுட்டுப் போகட்டும், என் தங்கம்!” மாப்பிள்ளை, அந்தக் கடைசி வாக்கியத்தை என் வாயாலேயே சொன்னேன். இதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் எனக்கு இழப்பீடு தராது.

கலர் பென்சில் வாங்கினேன். குட்டி நாற்காலி ஒன்று வாங்கினேன். பெரிய சிவப்பு பலூன் ஒன்றை ஊதிக் கையில் பிடித்துக்கொண்டு, மணி அடித்ததும் சிரித்த முகமாகக் கதவைத் திறந்தேன். வாசலில் காப்பகத்து வண்டி ஓட்டுநர். அவர் கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில், கன்றுக்குட்டி அளவுக்கு, கறுப்பும் பழுப்புமாக, ஒரு காது மடங்கி, ஒரு காது நிமிர்ந்து, ஒரு நாய். “குட்டி வந்தாச்சுங்க ஐயா” என்றார். பிறந்த புதிதில் வந்தபோது வைத்த பெயராம். பெயர் வளரவில்லை, நாய் வளர்ந்துவிட்டது. நான் பின்னால் துள்ளியதில் பலூன் கதவுக் கொக்கியில் பட்டு டமார் என்று வெடித்தது. அடுத்தது எனக்குச் சரியாக நினைவில்லை. நினைவு வந்தபோது நான் குளியலறையில் உள்தாழ்ப்பாள் போட்டு நின்றுகொண்டிருந்தேன்.

வெளியே இருந்து ஓட்டுநர், “ஐயா, பயப்படாதீங்க. அது உங்களப் பாத்து பயந்து கட்டிலுக்கு அடியில போயிடுச்சு” என்றார். நான் நம்பவில்லை. அவர் பாவம், மூடிய கதவைப் பார்த்தே மொத்தக் கதையையும் சொன்னார். “இந்தப் பெருமழைக்கு அப்புறம் ஒரு கூண்டுல மூணு கெடக்குதுங்க. ஒண்ணு இருமினா எல்லாம் இருமுது. ஒரு தட்டு வெச்சா சண்டை. இதுங்கள்ல ஒண்ணு கொஞ்ச நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போச்சுன்னா, தெருவுல அடிபட்டுக் கெடக்கறது ஒண்ணு உள்ள வரும். மிச்சம் இருக்கறது கொஞ்சம் கால நீட்டிப் படுக்கும். அதுக்குத்தாங்க வீடு வீடாக் கேக்கறோம்.” நியாயம்தான். ஆனால் நியாயத்தைக் குளியலறைக்கு வெளியே வந்து கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. உங்கள் அத்தை வந்து, “ஏங்க, வெளிய வாங்க. அவர் கை கழுவணுமாம்” என்றபோதுதான் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

அன்றிலிருந்து நான் மேசைமேல், குட்டி மேசைக்கடியில். ஒரு நாள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது மேசை கடகடவென்று ஆடியது. நிலநடுக்கம் என்று நினைத்து “ஓடுங்க, ஓடுங்க” என்று கத்தினேன். உங்கள் அத்தை எட்டிப் பார்த்து, “கத்தாதீங்க. பக்கத்து வீட்ல கிரைண்டர் போட்டிருக்காங்க. அதுக்கு அவ நடுங்கறா. அவ நடுங்கறதுல மேசை ஆடுது. அதுக்கு நீங்க நடுங்கறீங்க. நான் இந்த ரவிக்கையை முடிக்க வேணாமா?” என்றாள். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். அவளும் நிமிர்ந்து பார்த்தாள். மாப்பிள்ளை, அந்தக் கண்ணில் இருந்த பயத்தை நான் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

இதற்குமுன் இவளை இரண்டு வீடுகளில் தத்து எடுத்துத் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்களாம். காரணம், குரைக்க மாட்டாள். காவலுக்கென்று எடுத்தவர்கள், மணி அடித்தால் நாய் கட்டிலுக்கடியில் போகிறது என்று புகார் சொன்னார்களாம். இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. மணி அடித்தால் நானும்தான் எழுந்திருப்பதில்லை. என்னை யாரும் எங்கும் திருப்பி அனுப்பவில்லையே. இதை உங்கள் அத்தையிடம் சொன்னேன். “யார்கிட்ட அனுப்பறது?” என்றாள்.

நடைக்குக் கூட்டிப் போகும் பொறுப்பையும் என் தலையில் கட்டினாள். ஒரு கையில் கயிற்றின் கடைக்கோடி, மறு கையில் தற்காப்புக்குக் குடை. தெருமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டாரென்று வெடிச்சத்தம் போட்டது. குட்டி எனக்குப் பின்னால் ஒளிந்தாள். நான் அவளுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவள் மறுபடி எனக்குப் பின்னால் வர, நான் மறுபடி அவளுக்குப் பின்னால் போக, கயிறு எங்கள் இருவரையும் சேர்த்து விளக்குக் கம்பத்தோடு கட்டிவிட்டது. சலவைக் கடைக்காரர் வந்து அவிழ்த்துவிட்டு, “இதுல யாரு யாரக் கூட்டிட்டுப் போறீங்க?” என்று கேட்டார். கேள்வியில் குற்றமில்லை.

இனி தாங்காது என்று முடிவு கட்டி, மகளுக்கு வேலை இல்லாத நாளாகப் பார்த்து, உங்கள் அத்தைக்கும் என் மகளுக்கும் தெரியாமல் ஆட்டோ பிடித்து, அவளைத் திரும்ப விட்டுவிடக் காப்பகத்துக்கே போனேன். ஆட்டோவில் நான் ஓட்டுநர் பக்கம் ஒண்டிக்கொண்டேன். பின் சீட்டு முழுக்க அவள் ராணி மாதிரி. மாப்பிள்ளை, நீங்கள் அந்த இடத்தை உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? நடைபாதையில் கூண்டு, கூண்டுமேல் கூண்டு. எடை பார்க்கும் மெஷினில் ஒரு பூனை நிரந்தரமாகக் குடியிருக்கிறது. டாக்டர் அம்மா ஒரு நாய்க்குக் கட்டுப் போடுகிறார், அவர் காலடியில் இன்னொன்று தூங்குகிறது, அதைத் தாண்டித் தாண்டி நடக்கிறார். ஆபீஸ் மேசையின் இழுப்பறையில்கூட எதுவோ முனகியது. குட்டி அந்த வாசலைக் கண்டதும் நடையை நிறுத்தினாள். இழுக்கவில்லை, முரண்டு பிடிக்கவில்லை, பேசாமல் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு முறை வந்து பழகியவள் அல்லவா. அவள் பழைய கூண்டைத் தேடிப் போனேன். கூண்டு இருந்தது. உள்ளே, மழையில் மீட்ட தாய் நாய் ஒன்று, மடி நிறையக் குஞ்சும் குளுவானுமாகப் படுத்திருந்தது. கதவில் தொங்கிய பலகையில் “குட்டி” என்ற பழைய பெயர் அப்படியே இருந்தது. யாரோ பக்கத்தில் சாக்கட்டியால் “கள்” என்று மட்டும் சேர்த்திருந்தார்கள்.

நான் எத்தனையோ மனுக்களைப் படித்தவன். எதற்கும் என் கண் கலங்கியதில்லை. அந்தக் “கள்”ளைப் பார்த்ததும் கலங்கிவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் அதே ஆட்டோவில் திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிடங்கு வைத்திருக்கும் ஒருவர், பெரிய நாயாக வேண்டும் என்று காப்பகத்தில் கேட்டிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து இவளைப் பார்க்கிறாராம். என் மகள் போனில், “எனக்கும் மனசில்லப்பா. ஆனா நீங்க திருப்பி அனுப்பிட்டா அவள எங்க வைப்பேன், சொல்லுங்க?” என்றாள். நான் விசாரித்தேன். உங்களுக்குப் பெண் கொடுக்கும்போதுகூட இத்தனை பேரிடம் விசாரிக்கவில்லை. கேட்டில் சங்கிலி போட்டுக் கட்டுவாராம். நாள் முழுக்க லாரி வந்து போகுமாம், ஹாரன் அடிக்குமாம். கிரைண்டருக்கே நடுங்குகிறவள். ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். மூன்றாவது தடவை. தத்து என்ற சொல்லுக்கு ஆபத்து என்றும் ஒரு பொருள் உண்டு, அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் என்னால் ஆகக்கூடியது என்ன இருக்கிறது? நான் வயதானவன், பயந்தவன். எனவே நீங்கள் சனிக்கிழமையே வந்து அவளை அழைத்துப் போய், ஒப்படைக்கிற காரியத்தை உங்கள் வீட்டில் வைத்து முடித்துவிடுங்கள். அவர் சங்கிலியோடு வருகிற நேரத்தில் நான் இங்கே இருக்கக் கூடாது. எனக்கு நாய் என்றால் பயம், அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை. அவளுக்குப் பதிலாக அசல் குட்டியை அனுப்பி வையுங்கள். கலர் பென்சில் சீவாமல் இருக்கிறது.

நீங்கள் மூவரும் கேஸ் சிலிண்டரை மூடி, கதவைத் தாழிட்டு, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து நடந்து நூறாண்டு வாழ என் ஆசிகள். உங்கள் பெற்றோருக்கு என் பணிவான வணக்கங்கள்.

தங்கள் அன்புள்ள,
மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துத் தபாலில் போடக் கிளம்பும்போது, சொன்ன நாளுக்கு முன்னாலேயே கிடங்குக்காரர் வந்துவிட்டார். கையில் சங்கிலி. “கொரைக்குமா?” என்று கேட்டுத் தரையில் ஓங்கி ஓர் உதை விட்டார். அவள் எனக்குப் பின்னால் போனாள். நான் ஒளிய எனக்குப் பின்னால் இடமில்லை, அங்கே அவள் இருந்தாள். அவர் சங்கிலியோடு குனிந்தார். “வேணாங்க” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் மாப்பிள்ளை, என் தொண்டையிலிருந்து வந்தது வார்த்தை இல்லை. அதைக் குரைப்பு என்றுதான் சொல்ல வேண்டும். உடனே என் முட்டிக்குப் பின்னாலிருந்து, பிறந்ததிலிருந்து வாய் திறக்காதவள், ஜன்னல் அதிர ஒரு குரல் கொடுத்தாள். தையல் மெஷின் நின்றது. அவர் முகமெல்லாம் பல்லாக, “அடேங்கப்பா, இது போதும்! எடுத்துக்கறேன்” என்றார்.

அப்புறம் அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. அவரை உட்கார வைத்து அந்த நாய்க்கடி அலமாரியை மனதில் திறந்தேன். சங்கிலி நாய் கடித்தால் சட்டம் யாரைப் பிடிக்கும், லாரிக்காரர் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு, சங்கிலி தடுக்கினால், ஊசி தவறினால், கேட் விழுந்தால் என்று ஒவ்வொரு மனுவாக எடுத்துச் சொன்னேன். பாதியிலேயே அவருக்கு வியர்த்தது. தண்ணீர் கேட்டார். டம்ளர் உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். சங்கிலியை இங்கேயே விட்டுவிட்டு ஓடிவிட்டார். “வந்தவர ஏன் வெரட்டினீங்க?” என்று உங்கள் அத்தை கேட்டாள். “மககிட்ட சொல்லிடு. இந்தக் குட்டிய நாமளே தத்து எடுத்தாச்சு” என்றேன். அவள் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை ஒதுக்கிவிட்டு, ஒரு பெரிய மெத்தை உறை தைக்க ஆரம்பித்தாள்.

ஆகவே மேலே எழுதியதில் ஆசிகளைத் தவிர எதையும் பொருட்படுத்த வேண்டாம். சனிக்கிழமை வர வேண்டாம். வந்தாலும் வெறுங்கையோடுதான் போவீர்கள் என்று எழுத வந்தேன், அதுவும் உண்மையில்லை. அந்தப் பலகையில் இருக்கிற “கள்” பால் மறந்ததும் ஒவ்வொன்றாக வெளியே போக வேண்டும் இல்லையா? உங்கள் குளியலறை காலியாகிவிட்டதாக மகள் சொன்னாள். ஒரு குட்டியைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளுங்கள். கடிக்க மாட்டாள்.

இதைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் என் காலின்மேல் தலையை வைத்துத் தூங்குகிறாள். கால் மரத்துப்போய் நெடுநேரமாகிறது. எடுக்கப் பயமாக இருக்கிறது, விழித்துக்கொள்வாள்.