என் பிரியாவிடைப் போட்டி

உதைபந்தாட்டத்திலிருந்து ஓய்வு பெறப்போவதாக அறிவிக்கத் தீர்மானித்தேன். ஓய்வு பெறாமல் இருப்பதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

1987 கோடை. ஜெர்மனியில், டோர்ட்மண்டில், எங்கள் தமிழ்ப் பெடியளின் கதிரொளிக் கழகத்துக்கு இடதுபக்கப் பின்காவல் ஆட்டக்காரன் நான்தான். வயது நாற்பத்திரண்டு. மற்றவர்கள் எல்லாம் இருபதைத் தாண்டிய பெடியள். அவர்கள் பந்தைத் துரத்துவார்கள். நான் பந்து என்னிடம் வரும்வரை மரியாதையோடு காத்திருப்பேன். ஞாயிறு விளையாடினால் புதன் வரை நொண்டுவேன். நொண்டுவது நான். சுடுதண்ணீர் ஒத்தணம் பிடிப்பது என் மனைவி யோகம்.

"இஞ்சாருங்கோ, காணுமப்பா. இந்த முழங்கால் அழுறது எனக்கே கேக்குது. விளையாட்டை விடுங்கோ."

"நான் விட்டால் எங்கட அணியின்ர கதி என்ன?"

"ஓடக்கூடிய ஆள் ஒண்டு வரும்."

அந்தப் பதிலில்தான் என் திட்டம் பிறந்தது. தமிழ்க் கழகங்களின் சுற்றுப்போட்டியில் நாங்கள் இறுதிக்கு வந்திருந்தோம். அந்தப் போட்டி முடிந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்து ஓய்வை அறிவிப்பேன். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா? ஒருவர் போகிறேன் என்றால் போங்கோ என்று சொல்லும் பழக்கம் எங்களிடம் இல்லை. விருந்துக்கு வந்தவர் எழும்பினாலே கையைப் பிடித்து இருத்துவோம். கழகத் தலைவன் அலோசியஸ் முதலில் எழுந்து கத்தவேண்டும். மற்றவர்கள் கூடக் கத்துவார்கள். தோளில் தூக்குவார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கள் அன்புக்காக" என்று இன்னும் ஐந்து வருடம் விளையாடுவேன். சபையே கெஞ்சிய பிறகு யோகம் வாய் திறப்பாளா?

அலோசியஸிடம் சொன்னேன்.

"நான் என்னெண்டு கத்த வேணும், அண்ணை?"

"'அண்ணை, எங்களை விட்டிட்டுப் போகாதேங்கோ' எண்டு."

"கத்துறன். ஆனால் நீங்கள் உண்மையாவே விட்டாலும் நல்லதுதானே?"

"நீர் கத்தும். யோசிக்காதையும்."

குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். என் பேச்சையும் பேசினேன். அலோசியஸ் கத்தவேண்டியதையும் நானே கத்தி, அவன் பங்குக்கு அழுதும் பார்த்தேன். அழுகை மிக நன்றாக வந்தது.

இறுதிப்போட்டி ஹனோவரிலிருந்து வந்த அணியோடு. என்ன சனம்! என்ன சத்தம்! இரண்டு அணிக்கும் ஆளுக்கொரு கோல். முடியப்போகும் நேரம். அவர்களுடைய பெடியன் ஒருவன் எங்கள் கோலை நோக்கிப் பீரங்கி போல ஒரு அடி அடித்தான். நான் அப்போது குனிந்து சப்பாத்து நூல் கட்டிக்கொண்டிருந்தேன். பந்து என் முதுகில் மோதித் திரும்பிப் பறந்தது. எங்கள் பெடியன் அதைக் கொண்டு ஓடினான். ஓடினான். கோல்! சனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. இப்போது யோகம் உயிரோடு இல்லை. இருந்திருந்தால், பந்து முதுகில் படவில்லை, அதற்குச் சற்றுக் கீழே என்று திருத்தியிருப்பாள்.

இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? ஒலிவாங்கியை வாங்கினேன்.

"அன்பான உறவுகளே! இந்த வெற்றியோடு, கனத்த மனதுடன், நான் விளையாட்டிலிருந்து விடைபெறுகிறேன்!"

அலோசியஸைப் பார்த்தேன். அவன் கண் பிதுங்கியது. கை ஆடியது. சத்தம் மட்டும் வரவில்லை. அவன் வாய்க்குள் இரண்டு வடை. பக்கத்தில் வடைத் தட்டத்தோடு யோகம்.

"நல்லாச் சாப்பிடுங்கோ, தம்பி. களைச்சுப்போனியள்" என்று சொல்லி, தட்டத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு அவள் என்னை நோக்கி வந்தாள். கூடைக்குள்ளிருந்து மாலை வந்தது. மாலைக்குப் பின்னால் பொன்னாடை வந்தது. என் கழுத்தில் ஒன்று, தோளில் ஒன்று. ஒலிவாங்கியும் கைமாறியது.

"எல்லாருக்கும் வணக்கம். இவர் சொன்ன சொல்லை மாத்தாத மனிசன். அது உங்களுக்குத் தெரியும். இவ்வளவு காலமும் இவரைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு என்ர நன்றி."

கைதட்டல் மேகத்தைத் தொட்டது. ஹனோவர்க்காரரும் தட்டினார்கள். இனி என்ன செய்ய? எங்கள் சபையில் பொன்னாடை போர்த்தினால் விடயம் முடிந்தது. போர்த்திய பொன்னாடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்ப விளையாட வந்தவன் உலகத்தில் இல்லை. அலோசியஸ் ஒருவழியாக வடையை விழுங்கி முடித்தான்.

"அண்ணை வாழ்க!" என்று கத்தினான்.

தோளிலும் தூக்கினார்கள். கார் நிறுத்தியிருந்த இடம்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டு, வடை சாப்பிடத் திரும்பி ஓடினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"குளியலறைக்குள்ள நிண்டு கத்தினால் கீழ் வீட்டு ஜெர்மன் மனுசிக்கும் கேக்கும். அந்த அழுகை நல்லா இருந்தது. அலோசியஸுக்கு அப்பிடி வந்திராது."

அடுத்த சனிக்கிழமை பெடியள் பயிற்சிக்குப் போனார்கள். நான் போகவில்லை. எங்கள் கட்டடத்தில் வாரம் ஒரு வீட்டுக்காரர் மாடிப்படி கழுவவேண்டும். எங்கள் முறை வரும்போதெல்லாம் எனக்குப் பயிற்சி இருந்தது, யோகம் கழுவினாள். இப்போது எனக்குப் பயிற்சி இல்லை. நாலு மாடி. முழங்காலில் நின்று துடைத்துத் துடைத்துக் கீழ்ப்படிக்கு வந்து சேர்ந்தேன். படிகள் பளபளத்தன. முழங்கால் பந்தளவுக்கு வீங்கிவிட்டது.

அந்த நேரம் வாசல் கதவு திறந்தது. பயிற்சி முடிந்து அலோசியஸும் பெடியளும் தேநீர் குடிக்க வந்திருந்தார்கள். சப்பாத்து முழுக்கச் சேறு. என்னையும் படியையும் பார்த்துத் தயங்கி நின்றார்கள்.

மேலே இருந்து யோகத்தின் குரல் கேட்டது.

"சப்பாத்தோடயே வாங்கோ, தம்பியவை. அண்ணை இப்ப சும்மாதானே இருக்கிறார்!"