லூர்துசாமி மச்சானுக்கு ஒரு உடையாத பெஞ்சு

கிர்க்கி, புனே
16 ஆகஸ்ட் 1981

சேசு மரி சூசை துணை

பொன்மலையில் வாழும் மதிப்புக்குரிய மச்சான் லூர்துசாமி அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் தங்கை ஆரோக்கியமேரியின் வீட்டுக்காரன் சவரிமுத்து பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கையும் மகள் பிலிஸும் தேவ கிருபையால் நலம். அங்கு உங்கள் வீட்டுக்கார அக்காவின் மூட்டுவலிக்காகவும், குறிப்பாக உங்கள் இடுப்புக்காகவும் தினமும் ஜெபிக்கிறோம்.

இடுப்பு என்று எழுதியதும் கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள். பிலிஸ் நிச்சயதார்த்தத்தன்று நம் தோட்டத்தில், சிஞ்ச்வட் சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, வயர் நாற்காலி பொத்துக்கொண்டு நீங்கள் டீ கிளாஸோடு உள்ளே இறங்கி, நான்கு பேர் இழுத்து வெளியே எடுத்தது வருத்தத்துக்குரியதுதான். ஆனால் நான் வேண்டுமென்றே அந்த நாற்காலியைப் போட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்வது அநியாயம். வெயிலில் கிடந்த வயர் இற்றுப்போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? "இனி சவரிமுத்து வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினீர்கள். அக்டோபரில் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் பெண்ணை யார் கைபிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போவது? உங்கள் தங்கை சோறு வடிக்கும்போது அழுகிறாள், துணி அலசும்போது அழுகிறாள். "எங்கண்ணன் உக்கார்ற மாதிரி ஒரு நாற்காலி போட ஒங்களுக்கு வக்கில்லையா?" என்று கேட்டாள். அன்றைக்கே முடிவு செய்தேன் மச்சான். மழை, வெயில், நீங்கள், மூன்றையும் தாங்கும் இருக்கை ஒன்றைத் தோட்டத்தில் போடாமல் ஓய்வதில்லை.

முதலில் கேம்ப் கடைத்தெருவில் பிரம்பு நாற்காலி வாங்கினேன். துரைமார் பங்களாவில் எல்லாம் இதுதான் என்றார் கடைக்காரர், மழை வந்தால் உள்ளே தூக்கி வைக்கத் துரைமார் ஆள் வைத்திருந்ததைச் சொல்லவில்லை, ஜூனில் மழை பிடித்தது, ஜூலையில் நாற்காலிக் காலில் காளான் முளைத்தது, பிலிஸ் அதைப் பார்த்து "டாடி, சப்ஜி பண்ணிடலாமா?" என்கிறாள், சரி என்று பழைய சாமான் சந்தையில் இரும்பு நாற்காலி பிடித்து நானே பச்சைப் பெயிண்ட் அடித்தேன், ஒரே வாரத்தில் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு துரு வந்துவிட்டது, அது தெரியாமல் உங்கள் தங்கை வெள்ளைப் புடவையோடு அதில் உட்கார்ந்து எழுந்து நேரே பூசைக்குப் போய்விட்டாள், அவள் நற்கருணை வாங்க முன்னால் நடந்தபோது பின்னால் இருந்தவர்கள் ஜெபத்தையே நிறுத்திவிட்டார்கள். பிறகு தேக்கு பெஞ்சு. இங்கே சாகுவான் என்பார்கள். சுத்தமான சாகுவான் என்று விற்றவன் சத்தியம் செய்தான். கரையான் அதை நம்பவில்லை. "விடுங்களேன், பாய விரிச்சுப் போட்டுருவோம்" என்று உங்கள் தங்கையே சொல்லிவிட்டாள். நான் விடவில்லை.

கடைசியில் எங்கள் அம்மாவின் நினைவு நாளுக்கு மெழுகுவர்த்தி கொளுத்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோதுதான் கண் திறந்தது. கல்லறைகள் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சிமெண்டு வேலை, ஒரு விரிசல் இல்லை. செய்தது யார் என்று விசாரித்தேன். எதிரே பட்டறை வைத்திருக்கும் பாவுசாகேப் மிஸ்திரியின் தகப்பனாராம். தகப்பனும் மகனும் செய்துகொடுத்த வேலையைப் பற்றி உள்ளே இருக்கிறவர்கள் யாரும் இன்றுவரை எழுந்து வந்து குறை சொன்னதில்லை. அவரிடம், என் மச்சானுக்காக ஒரு பெஞ்சு வேண்டும், அவர் பெயரையும் சாய்மானத்தில் போட வேண்டும் என்றேன். மனுஷன் ரொம்ப வருத்தமாக உச்சுக்கொட்டினார். எத்தனை வருஷம் போனாலும் "காய் ஹோணார் நாஹீ", ஒன்றும் ஆகாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எவ்வளவு மரியாதைக்காரர் பாருங்கள், நீங்கள் பிறந்த வருஷத்தைக்கூடக் கேட்டு எழுதிக்கொண்டார்.

இன்று சாயங்காலம் பெஞ்சு வருகிறது. கோபத்தை விட்டு அக்காவோடு கிளம்பி வாருங்கள். ஸ்டேஷனில் நானே வந்து நிற்பேன். மாதா உங்கள் இருவரையும் சுகமாகக் காத்து இங்கே கொண்டு சேர்க்கட்டும்.

தங்கள் அன்புக்குரிய
சவரிமுத்து

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பெஞ்சு வந்துவிட்டது. மரியாதை பற்றி மேலே எழுதியதை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். பாவுசாகேப் சாய்மானத்தில் பெரிய சிலுவை போட்டு, அதன் கீழ் உங்கள் பெயரும், 1922 என்றும், பக்கத்தில் ஒரு கோடும் போட்டு, கோட்டுக்கு அப்புறம் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார். கேட்டால், "இன்னொரு வருஷத்தை நீங்கள் சொல்லவே இல்லையே" என்கிறார். உங்கள் தங்கை அதைப் பார்த்து, "எங்கண்ணன உசிரோட பொதச்சிட்டீங்களே!" என்று போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக் கிருபாவதி டீச்சர், ரொம்ப இளகிய மனசுக்காரி, என்ன ஏது என்று கேட்காமல், மேஜையில் இருந்த இந்தக் கடித உறையைப் பார்த்தே விலாசத்தைக் குறித்துக்கொண்டு ஓடி, அக்காவுக்கு அனுதாபத் தந்தி கொடுத்துவிட்டார். அதை நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தால் உத்தமம். பங்குச் சாமியார் அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையை உங்களுக்காக ஒப்புக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நான் தடுக்கவில்லை, பூசையால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

சிலுவையைத் தொடாமல் பெயரை மட்டும் எடுத்துவிடலாம் என்று நானும் மாப்பிள்ளைப் பையனும் சம்மட்டியால் அடித்துப் பார்த்தோம். சம்மட்டிக் காம்பு உடைந்தது. பெஞ்சில் ஒரு கீறல் இல்லை. ஆகவே மச்சான், கல்யாணத்துக்கு வர மனமில்லாவிட்டாலும், உயிரோடு இருப்பதை இந்தப் பங்குக்குக் காட்டவாவது நீங்கள் வந்து அதில் உட்கார்ந்தே ஆக வேண்டும். நன்றாகச் சாய்ந்தே உட்காருங்கள். உங்கள் முதுகுக்கு எழுத்து முழுவதும் மறைந்துவிடும்.