இரண்டு வலது பூட்ஸும் ஒரு இடதும்

ஆம்பூர்,
11-5-1986

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகள் அமிர்தவள்ளி வணங்கி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகனும் பாப்பாவும் சுகம். அணைக்கட்டில் நீங்களும் அத்தையும் கறவை மாடும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதல் வரியில் சுகம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதினேன். எங்கள் சுகத்தின் விவரம் கீழே வருகிறது.

உங்கள் கடிதம் வந்து பத்தொன்பது நாள் ஆகிறது. தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். நான் பேனாவை எடுத்தால் பாப்பா மடியில் ஏறுகிறாள், பாப்பா தூங்கினால் பேனாவைக் காணோம். "ஏணியில் ஏறி ஓடு மாற்றத் தெரியாதவன் இமயமலை ஏறப் போகிறானாமே, உண்மையா, நீயாவது எழுது" என்று கேட்டிருந்தீர்கள். உண்மைதான் மாமா. அதைவிட வருத்தமான உண்மை, இதற்குக் காரணம் நான்தான்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சவரம் செய்துகொண்டிருக்கும்போது பேப்பரில் வந்த அறிவிப்பு ஒன்றை நான் சத்தமாக வாசித்தேன். மெட்ராசில் வனவிலங்குக்காக ஒரு சங்கம் இருக்கிறது. பனிச்சிறுத்தையைக் காப்பாற்ற நிதி திரட்டுகிறார்கள். ஊருக்கு ஒருவர் வீதம் பன்னிரண்டு பேர் போய், பதினாலாயிரத்து அறுநூறு அடி உயரக் கணவாய் ஒன்றைத் தாண்ட வேண்டும். நூறு அடி ஏறினால் இவ்வளவு தருகிறேன் என்று ஊர்க்காரர்கள் முன்கூட்டியே கையெழுத்துப் போட வேண்டும், ஏறாத அடிக்குப் பணம் இல்லை. நான் விலங்கியல் படித்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று வருடப் படிப்பில் நான் உயிரோடு பார்த்த ஒரே காட்டுப் பிராணி தவளை, அதுவும் ஐந்து நிமிடம்தான். கடைசி வருடம் வகுப்பே காட்டுக்கு முகாம் போனது. என் அப்பா அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடவில்லை. அந்த நினைப்பில், பனிச்சிறுத்தையின் வால் உடம்பளவு நீளம் இருக்கும், தூங்கும்போது வாலையே போர்வையாக முகத்தில் போட்டுக்கொள்ளும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் பாதி சவரத்தோடு திரும்பி, "நான் போறேன்" என்றார். எங்கே என்றேன். "அந்த வாலுக்காகத்தான்" என்றார். கல்யாணமாகி மூன்று வருடத்தில் நான் சொன்ன ஒரு விஷயத்தை அவர் முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான். சந்தோஷப்பட வேண்டியவள் நான், ஆனால் பயம்தான் வந்தது. வள்ளிமலைக் கோயிலில் பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு, தேங்காய்த் தட்டை என் கையில் கொடுத்து, "நீ போய் உடைச்சிட்டு வா, நான் செருப்பைப் பாத்துக்கறேன்" என்றவர் அவர். அப்போது பாப்பா என் வயிற்றில் ஏழு மாதம்.

கையெழுத்து வாங்க ஊரெல்லாம் சுற்றினார். தோல் மண்டி நசீர் அகமது சாயபு கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி தம்பி, அந்தத் தோலு இன்னா விலை போவும்?" என்று கேட்டாராம். விற்கக் கூடாது, சட்டம் இருக்கிறது என்று இவர் பதற, "சும்மா தொழில் விசாரணைப்பா. நாம ஆட்டுத்தோல் ஆளு. அது பாட்டுக்கு மேல சுகமா இருக்கட்டும்" என்று எல்லாரையும்விட ஜாஸ்தியாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய ஷூ கம்பெனி முதலாளியும் போட்டார், ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். கணவாயின் உச்சியில் ஆம்பூர் பூட்ஸ் நிற்கிற போட்டோ வர வேண்டும், பூட்ஸ் கம்பெனி செலவு. இங்கேதான் மாமா, எல்லாம் கெட்டது.

உங்கள் மகன் வேலை செய்வது சாம்பிள் ரூமில். வெளிநாட்டு வியாபாரிக்கு மாதிரி காட்டும் ஷூவை மட்டும் அங்கே தைப்பார்கள். மாதிரி என்றால் ஒற்றைக் கால்தான், அதுவும் வலது கால், லேடீஸ் சைஸ் முப்பத்தேழு. ஜோடியாக அனுப்பினால் யாராவது எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று அப்படி ஒரு வழக்கம். மாஸ்டர் அப்துல் ஹமீத் பாய் எங்கள் பக்கத்து வீடு. தம்பி மலைக்குப் போகிறாரே என்று ராப்பகலாக உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேல் வரைக்கும் வருகிற பூட்ஸ் ஒன்று தைத்தார். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஒற்றைக் கால், வலது, முப்பத்தேழு. இன்னொரு கால் எங்கே பாய் என்று கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டு போனவர், ஒரு வாரத்தில் இன்னொன்று கொண்டுவந்தார். அதுவும் வலது. "இன்னா பண்றது தம்பி, முப்பது வருஷமா சாம்பிள்னா ரைட்டுதான். கை தானா அப்டிப் போவுது" என்றார். அவர் மனைவி அக்தரி பேகம் அக்கா உள்ளேயிருந்து, "கல்யாணத்தன்னிக்கு இந்த மனுசன் எனக்கும் ரெண்டு ரைட்டுதான் கொண்டாந்தாரு, கேளு" என்றார். மூன்றாம் முறை இடது வந்தது. சைஸ் மட்டும் மாறவில்லை. உங்கள் மகன் கால் நாற்பத்து மூன்று. அந்த அளவில் பூட்ஸ் தைக்கும் அச்சுக்கட்டை கம்பெனியில் கிடையாது, மெட்ராசிலிருந்து வர இரண்டு மாதம் ஆகும். பயணமோ ஜூன் இரண்டாம் தேதி.

விட்டாரா? விடவில்லை. நடப்பதற்கு வேறு பூட்ஸ் வாடகைக்கு எடுப்பாராம், உச்சிக்குப் போனதும் முப்பத்தேழைப் பையிலிருந்து எடுத்துக் காலைத் திணித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பாராம். தோல் படிந்து இளகினால் கால் நுழைந்துவிடுமாம். இளக வேண்டுமானால் அறுபது மைல் யாராவது நடக்க வேண்டும். என் கால் முப்பத்தேழு. ஆகவே ஏப்ரல் முதல் தினமும் விடியற்காலையில் நான் நடக்கிறேன். பத்துக் கிலோ சுமையோடு நடப்பது பயிற்சி என்று சங்கம் அனுப்பிய நோட்டீசில் போட்டிருந்ததால் முதலில் அவரும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. பாப்பா ஒன்பதரைக் கிலோ, தண்ணீர் பாட்டில் அரைக் கிலோ. பழைய புடவையால் அவளை முதுகில் கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கிற குன்று வரைக்கும் போய், மேலே ஏறி இறங்கி வருகிறேன். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் புடவையையும் பூட்ஸையும் பார்த்து, "இன்னாக்கா, மிலிட்டரில எடுத்துட்டாங்களா?" என்கிறார்கள். முதல் வாரம் அழுகை வந்தது. இப்போது அவர்களே பாப்பாவுக்குப் பட்டாணி வாங்கி வைத்திருக்கிறார்கள்.

மாமா, நான் விளையாட்டாக எழுதவில்லை. நோட்டீசின் பின்பக்கம் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். அந்த உயரத்தில் மூச்சு அடைக்கும். இறுக்கமான பூட்ஸில் விரல் விறைத்தால் விரலையே எடுக்க வேண்டிவரும். ஏதாவது ஆனால் தந்தி வந்துசேர நான்கு நாள். நான்கு நாள் நான் ஒன்றும் தெரியாமல் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பேன். அவளுக்கு ஒன்றரை வயதுதான். அப்பா என்று இப்போதுதான் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். நான் தடுத்தால், "பேஜார் பண்ணாத அமிர்தம், ஊரே கையெழுத்துப் போட்டிருக்குது" என்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார். உடனே புறப்பட்டு வந்து அவரைத் தடுத்து நிறுத்தும்படி உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். முட்டி வலிக்கு எண்ணெய் அனுப்புகிறேன். பாப்பா இரண்டு பேருக்கும் எச்சில் முத்தம் கொடுக்கச் சொன்னாள், காகிதத்தின் மூலையில் இருப்பது அதுதான்.

உங்கள் ஆசிக்குக் காத்திருக்கும் மருமகள்,
கோ. அமிர்தவள்ளி

பி.கு. (15-5-86): கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. நேற்று மருத்துவச் சான்றிதழுக்காக வேலூரில் மாடியில் இருக்கிற ஒரு டாக்டரிடம் போனோம். மாடிப்படியை இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டு வரச் சொன்னார். உங்கள் மகன் முதல் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, டாக்டரிடம் சொல்ல மேலே போய், இவருக்குத் தண்ணீர் கொண்டுவரக் கீழே வந்து, மறுபடி சான்றிதழ் பாரத்தை வாங்க மேலே போனேன். டாக்டர் என்னோடு இறங்கி வந்து இவர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு என் கையைப் பிடித்து நாடி பார்த்து, "யார்மா மலைக்குப் போறது, நீங்களா அவரா?" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். மாதனூர் தாண்டும்போது, "உனக்கு பூட்ஸு சரியா இருக்குது இல்ல?" என்றார். சரியாக இருக்கிறது என்றேன். வீட்டுக்கு வந்ததும் சங்கத்தின் விண்ணப்பத்தில் தன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். குடும்பத்தார் சம்மதம் என்ற இடத்தில் அவரே கையெழுத்துப் போட்டார். நசீர் அகமது சாயபு விஷயம் கேள்விப்பட்டு, "பொண்ணு ஏறினாலும் அடி அடிதான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். போகிறவர்களில் இன்னும் நான்கு பெண்கள் உண்டு.

ஆகவே மேலே எழுதியதில் நோட்டீசின் பின்பக்கத்தை மட்டும் மறந்துவிடவும். தடுப்பதாக இருந்தால் ஜூன் முதல் தேதிக்குள் வந்து தடுக்கவும். தடுக்காவிட்டாலும் முதல் தேதிக்குள் அத்தையோடு வரவும், பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அவள் அதிகம் படுத்த மாட்டாள். ராத்திரி என்னைத் தேடினால் கட்டிலுக்கு அடியில் மிச்சமான ஒற்றை வலது பூட்ஸ் இருக்கிறது, அதைக் கொடுங்கள். கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிவிடுவாள்.