தட்டில் காய்ந்த கூமரின்

"தட்டில காயுற வெள்ளை என்ன, பதுர்தீன் நாநா?" என்று உப்புக் காவலர் அல்பேட் வினவினார்.

கற்பிட்டியில் வெண்பளிங்கு ஒன்று வெயிலில் காயுமாயின் அது உப்பேயாகும். அதனை அனுமதியின்றி விளைவித்தல் குற்றமாகும். பதுர்தீனோ உப்புக் கந்தோரின் லிகிதர். வழக்குப் பதிந்தால் உத்தியோகம் போய்விடும்.

"இது கூமரின், அல்பேட். அத்தருக்குப் போடுற வாசனைச் சரக்கு."

நாற்பத்தாறாம் வயதில் தபால்வழியே இரசாயனம் கற்றவராதலால் அவர் முறைப்படி விளக்கினார். கிருமிநாசினியான காபோலிக்கையும் மலிக்கமிலத்தையும் செறிந்த கந்தகத் திராவகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால், திராவகமானது நீரை அகற்றி அவ்விரண்டையும் பிணைக்கும். நேற்று அவ்வாறு பெற்ற பளிங்கையே முற்றத்தில் உலர வைத்திருந்தார்.

'திராவகமும் வைத்திருக்கிறார்' என்று அல்பேட் குறித்துக்கொண்டார். பின்னர் ஒரு பளிங்கை நாவருகே கொண்டுசென்றார். ஒட்டியிருக்கும் திராவகத்தால் நாக்கு வெந்துவிடும் என்று பதுர்தீன் அவர் கையைப் பற்றினார். 'சுவைக்க விடவில்லை' என்பதும் குறிக்கப்பட்டது.

"மணந்து பாருங்க. புதுசா அறுத்த புல்லு மாதிரி இல்லையா?"

"அது மாட்டுக்குத்தான் தெரியும், நாநா."

கூமரின் எழுபது பாகையில் உருகும், உப்பு உருகாது. ஆகவே பதுர்தீன் சிறிதளவைக் கரண்டியிலிட்டு விளக்கில் பிடித்தார். அது உருகவில்லை. விளக்கின் சுவாலை போதாது என்றார்.

ஈற்றில் எஞ்சியதில் பாதியை நீரிற் கரைத்து, கொதிக்க வைத்து வற்றச்செய்து, மீண்டும் பளிங்காக்கிக் காட்டினார். அது முன்னையதிலும் வெண்மையாக விளைந்தது. அவருக்குப் பெருமிதம் உண்டாயிற்று.

'என் கண்முன்னே உப்புக் காய்ச்சினார்' என்று எழுதி அல்பேட் கையொப்பமிட்டார்.

"நடங்க நாநா, துரைக்கிட்டப் போவம்."

பதுர்தீன் தொப்பியை அணிந்துகொண்டு, தட்டையும் சாட்சிப்பொருளாக ஏந்திப் புறப்பட்டார். அவ்வேளை கிணற்றடியிலிருந்து திரும்பிய அவர் மனைவி அஸீஸா, கதவுத் திரைக்குப் பின்னால் நின்று பேசினாள்.

"அந்தத் தட்ட எங்க கொண்டு போறீங்க? நீங்க செஞ்சது கக்கூஸ் கழுவுற மருந்து மாதிரி நாறிச்சி, விடியவே கொட்டிட்டன். அது நான் ஈரம் காயப் போட்ட கறியுப்பு. நம்மட அல்பேட்ட மனுசி மக்தலேனா கள்ளமாக் காய்ச்சி விக்கிறது."