சாமிசோனியின் பணிவு

வியாழக்கிழமை நேர்காணலுக்குள் வேறு மனிதனாகிவிடுவது என்று சாமிசோனி தீர்மானம் செய்தான். டோங்காவில் நுக்குவலோஃபா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் அவன் சரக்கு குமாஸ்தா. தலை நரைக்கத் தொடங்கியும் குமாஸ்தாதான். சூப்பர்வைசர் நாற்காலி காலி, யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்ததிலிருந்து அவனுக்குத் தொண்டையில் கிழங்கு இறங்கவில்லை. இந்த முறையும் கோட்டை விட்டால் ஓய்வு பெறும்வரை அதே மூலைதான் என்று பயந்து செத்தான்.

போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தான். நெஞ்சை நிமிர்த்து, கண்ணைப் பார்த்துப் பேசு, உன் பெருமையை நீயே சொல் என்றார்கள். கண்ணாடி முன்னால் நின்று உரக்கப் பழகினான். "இந்தப் பிரிவைத் தூக்கி நிறுத்தினதே நான்தான்" என்று அவன் முழங்கும்போதெல்லாம் கொல்லையில் பன்றிகள் மிரண்டு ஓடின.

அவன் மனைவி நனிசே அதே கம்பெனியில் ரசீது கவுண்டரில் இருப்பவள். ஒரு வாரமாகச் சமையலறையிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள், புதன்கிழமை சாயங்காலம்தான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, தன்னைத்தானே புகழ்ந்துக்கிட்டவனுக்கு நம்ம ஊர்ல யாராவது எதையாவது குடுத்துப் பாத்திருக்கீங்களா?"

சாமிசோனி கண்ணாடியை விட்டுத் திரும்பினான். "அப்ப வேற என்ன சொல்றது?"

"எல்லாரும் சொல்றதைத்தான். நான் ஒண்ணுக்கும் லாயக்கில்லாதவன், எனக்கு எதுக்கு அவ்வளவு பெரிய வேலைன்னு சொல்லுங்க. நீங்க இறங்க இறங்க மேனேஜர் தூக்கி விடுவாரு. மரியாதை தெரிஞ்ச மனுஷன் பின்ன என்ன செய்வாரு?"

அவனுக்கும் அது நியாயமாகப் பட்டது. டோங்காவில் ஊர் வழக்கமே அதுதான். தன்னைத் தாழ்த்திச் சொல்வது நம் பங்கு, மறுத்து உயர்த்திப் பேசுவது எதிராளியின் பங்கு.

மேனேஜர் லிசியாத்தே புதிதாக வந்தவர். பெயர்தான் டோங்காப் பெயர், பிறந்து வளர்ந்ததெல்லாம் ஆக்லாந்தில். பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது ஊரில் எல்லாரும் இடுப்பில் கட்டும் மரியாதைப் பாயை சாமிசோனி இறுக்கிச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்த் தலைகுனிந்து உட்கார்ந்தான்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"சொல்ல என்ன சார் இருக்கு. நான் ஒரு மரமண்டை."

லிசியாத்தே தலையாட்டி எழுதிக்கொண்டார். சாமிசோனி காத்திருந்தான். 'சேச்சே, அப்படிச் சொல்லாதீங்க' என்பது வர வேண்டிய இடம் இது. வரவில்லை. இறங்கியது போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான்.

"கணக்குன்னாலே எனக்கு நடுக்கம் சார்."

"அப்படியா?"

"ஃபிஜிக்குப் போற பெட்டியை சமோவாவுக்கு அனுப்புற ஆளு நான்."

"இதை இதுவரைக்கும் யாரும் என்கிட்ட சொல்லலையே" என்று லிசியாத்தே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இங்கே நிறுத்தினால் சொன்னதெல்லாம் உண்மையாக நின்றுவிடும். தூக்கி விடும்வரை இறங்குவதைத் தவிர வழியில்லை. மத்தியானம் மூட்டைகளுக்குப் பின்னால் தூங்குவதாகச் சொன்னான். செய்யாத தப்பையெல்லாம் ஒப்புக்கொண்டான். புயலில் கிடங்கின் கூரை பறந்ததற்குக்கூடத் தன் கவனக்குறைவுதான் காரணம் என்றான். "கம்பெனி உருப்படணும்னா என்னை மாதிரி ஆளை வெச்சுக்கவே கூடாது சார்" என்று அவன் அழாத குறையாக முடித்தபோது, மேனேஜர் எழுந்து வந்து கைகுலுக்கினார். இப்படி ஒரு நேர்மையான மனிதரைத் தாம் பார்த்ததே இல்லை என்று சொல்லி வழியனுப்பினார்.

தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்தான். நனிசே வேலை முடிந்து வந்ததும் எழுந்து புலம்பினான்.

"போச்சு நனிசே. அந்தாளு ஒண்ணைக்கூட மறுக்கலை. அத்தனையும் நம்பிட்டாரு."

"நம்புவாரு" என்றாள் அவள், பையைக் கீழே வைத்தபடி. "போன ஞாயித்துக்கிழமை சர்ச் விருந்துல அவருக்குப் பன்னிக்கறியை நீட்டி, 'வாயில வைக்க விளங்காது, மன்னிச்சுக்குங்க'ன்னு எப்பவும் சொல்ற மாதிரிதான் சொன்னேன். மனுஷன் தட்டை அப்படியே கீழ வெச்சிட்டாரு."

"இது தெரிஞ்சுக்கிட்டேவா என்னை அனுப்பின?"

"உங்களுக்கு அப்புறம் நானும் உள்ள போகணுமே. அந்த வேலைக்கு நானும் எழுதிப் போட்டிருந்தேன். என் பெருமையை நானே பேசத்தான் கூச்சமா இருந்துச்சு. நல்லவேளை, நீங்க கத்தினதெல்லாம் மனப்பாடம். அதையே சொன்னேன், வேலையைக் குடுத்துட்டாரு."

சாமிசோனிக்கு வயிறு எரிந்தது. அதைவிட, தனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் அவனுக்கு அதையெல்லாம் விடப் பெரிய பயம் ஒன்று மிச்சமிருந்தது.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"வீட்டுக்கு அனுப்பிடலாமான்னு கேட்டாரு. பாவம், என் கண்பார்வையிலயே இருக்கட்டும்னு நான்தான் கெஞ்சினேன். சொந்தப் புருஷனைக் கீழ வெச்சு வேலை வாங்க முடியுமான்னு அவருக்கு ஒரு சந்தேகம்."

"நீ என்ன சொன்ன?"

"அதுல மட்டும் எனக்கு முன் அனுபவம் இருக்குன்னு சொன்னேன்."